பட்டா ஒருவர் பேரில், முள் அடுத்தவர் காலில்

அருப்புக்கோட்டையிலிருந்து கமுதி போகும் பேருந்தில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தால் கையை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே லாரி வந்து நம் ஓட்டுநர் இடப்பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் சீமைக் கருவையின் கிளைகள் வண்டித் தகரத்தைக் கீறிக்கொண்டே வரும். முன் இருக்கையில் இருந்த அம்மா, லாரி கண்ணில் பட்டதுமே குழந்தையை உள்பக்கம் இழுத்துக்கொண்டார். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பங்குனி வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புல், பூண்டு, பனையோலை எல்லாமே பழுத்துப்போன நிறத்தில் இருக்க, கருவை மட்டும் மழை பெய்து முடிந்த ஊர் மாதிரி பச்சையாக நின்றது. வரப்பு, வாய்க்கால், கண்மாய்க்கரை, கோயில் நிலம், பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் எங்கும் இதுதான். இந்த மரம் யார் நிலத்தில் நிற்கிறது, இதைப் பிடுங்க வேண்டியவர் யார் என்று கேட்டுக்கொண்டு கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி என்று ஒரு சுற்று போய்வரலாம் என்பதுதான் திட்டம்.

"காமராசர் காலத்துல ஏரோப்ளேன்ல வெதச்சுவிட்டது" என்று பேருந்திலேயே ஒருவர் தொடங்கினார். இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் மரம் மதராஸ் மாகாணத்துக்குள் நுழைந்தது அதற்கு வெகு காலம் முன்பு. வடக்கு வட்டத்தின் வனக் காப்பாளராக இருந்த லெப்டினன்ட் கர்னல் பெடோம், வறண்ட நிலங்களுக்கு இந்த மரம் வேண்டும் என்று 1876-இல் வருவாய்த் துறைக்கு எழுதினார். அடுத்த ஆண்டே கடப்பைக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் விதைத்தார்கள். விறகுக்குப் பஞ்சம், மண் அரிப்பு, எதுவும் முளைக்காத தரிசு என்று அன்றைக்கு அவர்களுக்கு இருந்த காரணங்கள் நியாயமானவை. மரமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. அளவில்தான் யாருக்கும் கட்டுப்படவில்லை.

கமுதியில் இறங்கி குண்டாற்றைப் பார்க்கப் போனேன். ஆற்று மணலுக்குள்ளேயே கருவைத் தோப்பு. இங்கிருந்து முதுகுளத்தூர்ப் பக்கம் ரெகுநாத காவிரி என்று ஒரு கால்வாய் போகிறது. சேதுபதிகள் காலத்தில் வெட்டியது. பேரில் காவிரி இருப்பதே ஒரு ஆசையைச் சொல்கிறது. அதன் கரையில் கொஞ்ச தூரம் நடந்தேன். 'கரையில்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எது கரை, எது கால்வாய் என்று கருவைக்குள் புகுந்து பார்த்தால்தான் தெரியும். இது பட்டா நிலம் இல்லை. நீர்வளத்துறை, ஊராட்சி, வருவாய்த்துறை என்று அரசின் ஏதோ ஒரு கை இதற்குச் சொந்தக்காரர். தனியார் நிலத்துக்கு நோட்டீஸ் விடலாம் என்று பேசும்போதெல்லாம் இந்தக் கால்வாய்தான் எனக்கு நினைவுக்கு வரும். ராமநாதபுரம் மாவட்டத்தில் கருவை வளர்க்கும் மிகப் பெரிய நிலச்சுவான்தார் அரசாங்கமே.

முதுகுளத்தூர் போகும் வழியில் ஒரு கிராமத்தில் இறங்கினேன். குண்டு மிளகாய் காயப்போட்டிருந்த களத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் சாக்கு விரித்து சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "அதுக்கு வெல குடுத்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார்.

அவர் நிலத்துக்கு மூன்று பக்கமும் கருவைக் காடு. ஒரு பக்கம் கண்மாய். மற்ற இரண்டு பக்கமும் பட்டா நிலங்கள், உரிமைக்காரர்கள் ஊரில் இல்லை. ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி. இன்னொருவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் மும்பையிலும் மலேசியாவிலும். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கிறதாம்.

"அவுகளக் குத்தம் சொல்லி என்ன செய்ய தம்பி? மழ இல்ல, வெள்ளாம இல்ல, போய்ட்டாக. நம்மளும் போயிருக்கணும், போகல" என்றார்.

பிறகு மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே குனிந்து ஒரு கருவைக் கன்றைக் காட்டினார். விரல் உயரம்கூட இல்லை. இழுத்தேன், வரவில்லை. அவர் களைக்கொத்தியால் மண்ணைத் தள்ளிக் கெல்லி எடுத்தார். மேலே நாலு இலை, கீழே முழங்கை நீளத்துக்கு ஆணிவேர். வேரின் நுனி அப்போதும் அறுந்துதான் வந்தது. அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இதன் உறவு மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்ததாகத் தாவரவியல் நூல்களில் படித்திருக்கிறேன். நாலு இலைக் கன்று அதை நம்ப வைத்தது.

விதையை ஆடு கொண்டுவருகிறது. வெயில் காலத்தில் வேறு தீனி இல்லாதபோது கருவைக்காய்தான் ஆட்டுக்கு. இனிப்பான காய். விதை ஆட்டு வயிற்றில் சாகாது, மேல்தோல் இளகி, புழுக்கையோடு எருவும் சேர்த்து இறங்குகிறது. கிடை போட்டால் நிலத்துக்கு உரம் என்று நம்பிய ஊர் இது. இப்போது கிடை போட்ட நிலத்தில் அடுத்த மழைக்குக் கருவை முளைக்கிறது. பெரியவர் ஒவ்வொரு பருவமும் தன் நிலத்தில் கூலி கொடுத்துக் கன்று கெல்லுகிறார். பக்கத்து நிலத்துக் காய் விழுகிறவரை இதற்கு முடிவே கிடையாது.

அதைவிட மோசம் பன்றி. கருவைக்குள் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கும். சோளம், நெல் என்று ஒன்றும் மிஞ்சாது. மிளகாயைத் தின்பதில்லை, ஆனால் ஈரத்துக்கு மண்ணைக் கிளறிச் செடியைச் சாய்த்துவிட்டுப் போகும். சேலைகளைக் கிழித்து நாலு புறமும் கட்டியிருந்தார். "ராத்திரி முழுக்க டார்ச்ச அடிச்சுக்கிட்டு இந்த மனுசன் ஒக்காந்திருப்பாரு, காலம்பற களையெடுக்கப் போகணும்" என்றார் மனைவி. திருப்பூர்க்காரர் நிலத்தில் படுத்திருக்கும் பன்றிக்கு இவர் தூக்கத்தைக் கொடுக்கிறார். நில உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டப் புத்தகங்கள் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தச் சேலைத் துண்டுகளில் வந்து நிற்கிறது.

சட்டம் புதிதல்ல. மதராஸ் மாகாணம் 1919-இலேயே ஒன்று போட்டது. பூச்சி, பயிர் நோய், நச்சுக் களை மூன்றையும் பரவாமல் தடுக்கும் சட்டம். ஒரு களையை அரசு அறிவித்துவிட்டால், நிலத்தை அனுபவிக்கிறவர் அதை ஒழிக்க வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார், நோட்டீஸ் கொடுப்பார். செய்யாவிட்டால் அதிகாரியே ஆள் வைத்துச் செய்து, செலவை நிலவரி பாக்கி போலவே வசூலிப்பார். கோவைப் பக்கம் பருத்தி எடுத்து முடிந்ததும் குறித்த தேதிக்குள் மாரை, அதாவது செடித் தண்டைப் பிடுங்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தின் பேரில்தான் நடந்தது. புழு அடுத்த பருவத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் போகக் கூடாது என்பது காரணம். அங்கே அது ஓடியதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான்: பருத்தி போட்டவர் அந்த ஊரிலேயே இருந்தார்.

கருவைக்கு நீதிமன்றம் வந்தது 2015-க்குப் பிறகு. வைகோவும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மரத்தை மாநிலம் முழுக்க அகற்றச் சொன்னது. பட்டாதாரர்கள் தாங்களே அகற்ற வேண்டும், இல்லையென்றால் அரசு அகற்றிச் செலவை அவர்களிடம் வாங்க வேண்டும் என்றது. இதற்கென்று தனிச் சட்டமும் கேட்டது. வேலை நடக்கிறதா என்று பார்க்க வழக்கறிஞர்களை ஆணையர்களாக அனுப்பியது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்திருந்த நேரம் அது. தண்ணீர் இல்லாத கோபம் முழுக்க இந்த மரத்தின்மேல் விழுந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், நிழலில் கட்டினால் மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. மரத்தின் மெய்யான குற்றங்களே தாராளம், இட்டுக்கட்ட வேண்டியதில்லை. பிறகு 2017 ஏப்ரலில், அறிவியல் ஆய்வு இல்லாமல் இப்படி ஒட்டுமொத்தமாக வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து இடைக்காலத் தடை வந்தது, பின்னர் அதுவும் விலகியது. 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது.

ஊரில் இதெல்லாம் எப்படி வந்து சேர்ந்தது என்று தலையாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் டீக்கடையில் கேட்டேன். "தண்டோராப் போட்டோம்ங்க. கேக்க வேண்டியவுக கேக்குற தூரத்துல இல்லையே" என்றார். நோட்டீஸை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்களாம். கூட்டுப்பட்டாவில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரைக் காட்டுவார்களாம். அடங்கலில் அந்த நிலமெல்லாம் தரிசு என்று எழுதிப் பல பசலி ஆகிவிட்டது. கமுதிப் பக்கம் சூரிய மின் நிலையம் வந்தபோது மட்டும் சொந்தக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து சர்வே நம்பர் கேட்டார்கள் என்று சிரித்தார். 648 மெகாவாட்டில் 2016-இல் ஓடத் தொடங்கிய நிலையம் அது. நிலத்துக்கு விலை வந்தால் உரிமையாளர் வந்துவிடுகிறார், களை வந்தால் வருவதில்லை. கசப்பாகச் சொல்லவில்லை அவர், கணக்காகச் சொன்னார்.

கடலாடிக்குப் போகும் வழியில் தூரத்திலேயே புகை தெரிந்தது. கரி மூட்டம்.

இந்த மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மூட்டத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது. வெட்டிய கட்டைகளைப் பருமன் பார்த்து வட்டமாக அடுக்குகிறார்கள், உள்ளே பெரியது, வெளியே சிறியது. மேலே இலை தழை வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஈர மண் பூசி மூடிவிடுகிறார்கள். அடியில் தீ வைத்துவிட்டால் கட்டை எரியக் கூடாது, வெந்துகொண்டே இருக்க வேண்டும். நாள்கணக்கில் வேகும். முதலில் வெள்ளைப் புகை, கட்டையில் இருக்கும் ஈரம். புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் உள்ளே கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். எங்காவது மண் பிளந்து காற்றுப் புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் இரவிலும் ஒருவர் விழித்திருந்து பிளவைத் தேடிப் பூசுகிறார். நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி கிடைக்கும்.

அங்கே கணவனும் மனைவியும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த அக்கா கையில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார், முள்ளுக்கு. கவைக்கம்பால் முள் கிளையை அமுக்கிப் பிடித்து, அரிவாளால் கழித்து, கட்டையைக் காலால் உருட்டித் தள்ளுவது ஒரே வீச்சில் நடந்தது. "மழ இல்லாத வருசத்துல இதுதாங்க சோறு போட்டுச்சு. இதையும் புடுங்கச் சொன்னா நாங்களும் திருப்பூருதான்" என்றார். 2016 வறட்சியில் மாநிலமே இந்த மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது இங்கே அடுப்பெரிந்ததும் இந்த மரத்தால்தான்.

கரி வியாபாரி கணக்கை விளக்கினார். நிலத்துக்காரர் ஊரில் இல்லை, ஆனால் போனில் இருக்கிறார். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை மரத்தைப் பேசி விலைக்கு விடுகிறார். உழவில்லை, விதையில்லை, உரமில்லை, களையெடுப்பு இல்லவே இல்லை. வியாபாரி ஆள் விட்டு வெட்டி மூட்டம் போடுகிறார். வெட்டும்போது அடிக்கட்டையை விட்டுவிடுவதுதான் வழக்கம். அடுத்த மழைக்கு அதிலிருந்து கொத்தாகத் துளிர் வரும். நான் ஒரு அடிக்கட்டையில் எண்ணத் தொடங்கி, பன்னிரண்டுக்கு மேல் விட்டுவிட்டேன். ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர். வெட்டுவது களையொழிப்பு இல்லை, அறுவடை.

தூரையும் தோண்டினால்தான் நிலம் மீளும். தூர்க்கரிக்குச் சந்தையில் விலையும் கூட, கனமாக நின்று எரியும். பிறகு ஏன் எடுப்பதில்லை என்றால், கடப்பாரையால் தூர் எடுக்கும் கூலி அந்தக் கூடுதல் விலையைத் தின்றுவிடுகிறது. ஜேசிபி வைத்தால் சீக்கிரம் முடியும், வாடகையை யார் தருவது? நிலத்துக்காரருக்குத் தூர் இருந்தால்தான் நாலு வருடம் கழித்து மறுபடி காசு. வியாபாரிக்கும் அப்படியே. தூர் போக வேண்டும் என்று உண்மையில் விரும்புகிற ஒரே ஆள் பக்கத்து நிலத்துக்காரர், அவருக்கு அந்தப் பட்டாவில் பேரில்லை.

அபராதத்தால் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொறுப்பு பட்டாதாரருடையதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெட்டச் சொல்லி மிரட்டினால் வெட்டுவார்கள், அறுவடைக்கு எப்படியும் வெட்டத்தானே போகிறார்கள். தூரெடுத்த நிலத்தை உடனே உழுது எதையாவது விதைக்கவில்லை என்றால், மண்ணுக்குள் தூங்கும் விதையெல்லாம் ஒரே மழையில் எழுந்து முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது மரம் போனதா என்றல்ல, அடுத்து அங்கே விதைக்கப் போகிறவர் யார் என்று.

சப்பாத்திக் கள்ளியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி சிவப்புச் சாயத்துக்காகப் பூச்சி வளர்க்க ஆசைப்பட்ட காலத்தில், சைதாப்பேட்டையில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளிக்கென்று ஒரு தோட்டமே போட்டார். கள்ளி வகைகள் பிறகு தெற்கெங்கும் வேலியாகவும் காடாகவும் பரவிக் கிடந்தன. 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். கள்ளி மடலில் பஞ்சு ஒட்டியது போல் இருக்கும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு. சில ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் சரிந்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலத்துக்காரர்களைச் சட்டத்தால் கட்டிப்போட்டும் கள்ளியை வெல்ல முடியாமல் பலர் நிலத்தையே விட்டு ஓடினார்கள். அங்கேயும் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சிதான் முடித்துவைத்தது.

கருவைக்கும் அப்படி ஒரு பூச்சி கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இதே பேரினத்து மரங்களுக்கு வண்டு விட்டார்கள், ஆனால் முதலில் விதையைத் தின்னும் வண்டை மட்டும். மரம் விறகுக்கும் காய் ஆட்டுக்கும் வேண்டியிருந்ததால் மரத்தைக் கொல்லும் பூச்சிக்கு அங்கே அப்போது சம்மதம் இருக்கவில்லை. டியூப் சுற்றிய அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் புரியும்.

சாயல்குடி போவதற்கு முன் காஞ்சிரங்குளத்தில் சிறிது நேரம் நின்றேன். நாட்டுக் கருவேலத்தில் கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டும் கண்மாய், பறவைகள் சரணாலயம். சீமையும் நாடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எல்லாக் கருவையையும் ஒரே மாதிரி பார்க்கிற ஜேசிபிக்காரரை நினைத்துக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஒழிக்கிற வேகத்தில் நாட்டுக் கருவேலமும் போன இடங்கள் உண்டு.

திரும்பும் வழியில் மிளகாய்க் களத்துக்கு மறுபடி போனேன். பெரியவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, திருப்பூர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கரி வியாபாரியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, மரத்த வெட்டிக்கிரட்டும். காச மட்டும் அனுப்பிவிடச் சொல்லுங்க."

"காசு ஒனக்குத்தான் மாப்ள, யாரு இல்லேன்னா? தூரையும் எடுத்துரணும்ங்கேன்."

"தூரெடுத்தா அங்க என்ன மாமா வெளயப் போகுது? நான் வந்து உழுகவா போறேன்?"

"நீ உழுக வேணாம். நான் உழுதுக்கிறேன். ஜேசிபி வாடகை பாதி என்னோடது. மூணு வருசத்துக்கு வாரங்கீரம் கேக்கப்படாது. அப்பறம் ஒன் நெலம், ஒன் இஷ்டம்."

எதிர்முனையில் சற்று நேரம் தையல் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. மூன்று வருடம் உழுதவர் பிறகு நிலத்தை விடுவாரா என்ற யோசனையாக இருக்கலாம். ஊரில் இந்தப் பயத்தாலேயே நிலத்தைக் கருவைக்கு விட்டவர்கள் இருக்கிறார்கள், கருவை குத்தகை உரிமை கேட்காது.

"எழுதிக்கிருவமா மாமா?"

"எழுதிக்க. தலையாரியவும் வச்சே எழுதிக்க."

"மீதிப் பாதி வாடகையக் கரிக்காசுல கழிச்சுக்கங்க."

வியாபாரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இப்போது போட்டிருக்கும் மூட்டங்களைப் பிரிக்கவே சித்திரை ஆகிவிடும், வைகாசியில்தான் இங்கே ஆள் விட முடியும் என்றார். தூர்க்கரியில் தனக்கு எவ்வளவு என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும் என்றார். பெரியவர் ஆடிக்குள் கோடை உழவு முடிய வேண்டும், புரட்டாசியில் புழுதி விதைப்பு என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் மனைவி அந்த நிலத்தில் முதல் வருடம் நெல் வேண்டாம், சோளம் போடலாம் என்றார். பன்றி வந்தால்? "அந்தப் பக்கம் கண்மாய்க் கருவ அப்படியேதானே நிக்கிது" என்று அவரே பதிலும் சொன்னார். அதற்கு யாரிடம் போன் பேசுவது என்றுதான் தெரியவில்லை. பெரியவர் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் மனுக் கொடுக்கப் போவதாகச் சொன்னார், போன தடவை கொடுத்த மனுவின் நகலையும் சேர்த்து.